மணம் போன காடி

ஜூன் 10, 1957, திங்கள்

வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. வந்திருந்தவர்களிலும் பலர் இருமினார்கள். இந்தக் காய்ச்சல் மதராஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, அங்கிருந்து ரயிலேறிப் புதுச்சேரிக்கும் வந்துவிட்டதாம். பாடம் நடத்த ஆளில்லாததால், பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்னியர் மாசேர் அலோயிஸ் எங்களை நூலக அறையில் உட்காரவைத்தார். மற்றவர்கள் புழுக்கத்தில் தூங்கி விழ, நான் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவினேன். பூச்சி அரித்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வீட்டு வைத்தியம் பற்றியது. அதில்தான் அந்த நான்கு திருடர்களைச் சந்தித்தேன்.

பிரான்சில் ஓர் ஊரில் எப்போதோ கொள்ளைநோய் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் செத்துக் கிடந்தார்கள். நான்கு திருடர்கள் மட்டும் அந்த வீடுகளுக்குள் பயமில்லாமல் நுழைந்து, செத்தவர்களின் விரலில் கிடந்த மோதிரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். நோய் அவர்களைத் தொடவில்லை. பிடிபட்டதும், எப்படித் தப்பித்தீர்கள் என்று சொன்னால் தூக்கு இல்லை என்றார் நீதிபதி. மூலிகை ஊறிய காடி என்றார்கள் அவர்கள். அதைக் கையிலும் முகத்திலும் காதோரத்திலும் தடவிக்கொண்டு, ஒரு துணியில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு போவார்களாம்.

கதை அங்கே முடிந்து செய்முறை ஆரம்பமாகிறது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. திருடி முடித்த பிறகு அவர்கள் வீட்டுக்குத்தானே போயிருப்பார்கள்? அங்கே யார் கதவைத் திறந்தார்கள்? திறந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? மாசேரிடம் கேட்டேன். புத்தகம் சொல்லாததையே கேட்பதுதான் உன் வேலை என்று சிரித்தார். நான் செய்முறையை எழுதிக்கொண்டேன்.

லெயோனி அக்காவுக்கு இது எட்டாம் மாதம். நெய்வேலியில் சுரங்க வேலை பார்க்கும் அவள் கணவர் பெனுவா மாமா போன மாதம்தான் அவளைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார். இன்று மாலை எதிர்வீட்டுப் பச்சையம்மா, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் பிழைப்பது கஷ்டமாம் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். மெல்லச் சொல்வதெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கும்.

ஜூன் 11, செவ்வாய்

காடிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. அப்பா ரொட்டி மாவைக் கள் விட்டுப் பிசைந்துதான் பொங்கவைக்கிறார். மிஞ்சுகிற கள் அடுப்பறைக்குப் பின்னால் ஜாடியில் கிடந்து புளித்துப் புளித்துக் காடியாகும். அம்மா மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் அதிலிருந்துதான் எடுப்பாள்.

செய்முறையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். திருடன் சொன்ன மருந்தை நம்பி நீதிபதியே விட்டுவிட்டார் என்றால் நான் யார் தடுக்க என்றார். ஒரு ஒயின் பாட்டிலும் கார்க்கும் கொடுத்தார்.

மூலிகைகள்தான் சிக்கல். புத்தகத்தில் இருப்பவற்றில் பாதி இங்கே முளைக்காது. பூண்டு, கிராம்பு, கற்பூரம் வீட்டிலேயே இருந்தன. புதினா கடையில் கிடைத்தது. பூக்காரம்மாவிடம் மரிக்கொழுந்தும் மாசிப்பச்சையும் வாங்கினேன். மற்றவற்றுக்குப் பதிலாக நொச்சியும் துளசியும் போடுவதாக முடிவு செய்தேன். பிரான்சில் இருந்த திருடர்கள் பிரான்சில் இருந்த இலைகளைப் போட்டார்கள். இங்கே இருந்திருந்தால் இங்கே இருப்பதைப் போட்டிருப்பார்கள். இது சரியான தர்க்கம் என்றே நினைக்கிறேன்.

ஜூன் 12, புதன்

பாட்டிலை வெயிலில் வைத்தேன். காக்கை தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

ஜூன் 15, சனி

இன்று கார்க்கைத் திறந்தேன். மூக்கில் அறைந்தது மாதிரி இருந்தது. முதலில் புளிப்பு, அதன் பின்னால் பூண்டு, அதற்கும் பின்னால் கற்பூரம், கடைசியில் எங்கோ கோயிலில் நிற்பதுபோல மரிக்கொழுந்து. கையில் தடவிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஐயோ, என்னாடி இது, செத்த எலிக்குக் கல்யாணம் பண்ண மாதிரி நாறுது."

திருடர்கள் கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்தால் அவள் வயிறும் தனியாகச் சிரிக்கிறது. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டோம். இந்த அறைக்குள் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசலில் நின்று கையைக் காடியில் நனைக்க வேண்டும். அக்கா கட்டிலில் இருந்தபடியே மோந்து பார்ப்பாள். வாடை வந்தால்தான் உள்ளே விடுவாள். அப்பா அதிகம் வருவதில்லை. ரொட்டி வாங்க ஊரே வருகிற இடத்தில் நிற்பதால் அவர் இப்போது அடுப்பறையிலேயே படுத்துக்கொள்கிறார், சாப்பாடும் அங்கேதான். ஆகவே சட்டம் அம்மாவுக்கும் எனக்கும்தான்.

அக்கா அஞ்சாவதோடு நின்றவள். அதனால் என் பூகோளப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். இன்று எரிமலைகள். பெண் பிறந்தால் என் பெயரை வைக்கச் சொன்னேன்.

"உன் பேரா? செலின்னு வெச்சா அது பொறந்த அன்னிக்கே எனக்குப் பாடம் எடுக்கும். வேணாம்மா."

ஜூன் 18, செவ்வாய்

பள்ளியை மூடிவிட்டார்கள். என் பெஞ்சில் உட்காரும் விக்தோரினுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வாசப்படி தாண்டினால் காலை உடைப்பேன் என்றாள் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். அந்தத் திருடர்கள் செத்தவர்கள் வீட்டுக்கே போனார்கள். நான் போவது உயிரோடு இருப்பவள் வீட்டுக்கு. அவர்கள் போனது திருட. நான் போவது உதவ. எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஆபத்து குறைவு.

கைக்கும் முகத்துக்கும் காதோரத்துக்கும் காடி தடவிக்கொண்டு, ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு போனேன். விக்தோரின் உடம்பு ரொட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. துணியைக் காடியில் நனைத்து நெற்றியில் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருமும்போது முகத்தைத் திருப்பக்கூடத் தெம்பில்லை. சாயங்காலம் வரை இருந்தேன். வெளியே வந்ததும் மறுபடி தடவிக்கொண்டேன்.

எங்கே போனாய் என்று அம்மா கேட்டாள். கடலைப் பார்க்கப் போனேன் என்றேன். அது முழுப்பொய் அல்ல. விக்தோரின் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியும்.

ஜூன் 21, வெள்ளி

விக்தோரின் எழுந்து கஞ்சி குடித்தாளாம்! அவள் அம்மா எங்கள் கடைக்கே வந்து, உங்கள் பெண் கொடுத்த காடியால்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அம்மா அப்போது மீன் வாங்கப் போயிருந்தாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மாவிடம் சொல்லவில்லை.

மாலைக்குள் தெருவில் பாதிப் பேர் குப்பியோடு வந்துவிட்டார்கள். காய்ச்சல் பயத்தில் வெளி ரொட்டி வாங்காமல் இருந்தவர்கள், அப்பா காடியில் கை கழுவி எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறார்கள். எனக்குக் காடி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சையம்மா அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, என் மாமியாருக்கு வாயைக் கட்டற மாதிரி ஒரு காடி இருந்தா குடேன்."

இன்னும் மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களும் தேறிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு இன்று பனி பெய்யும் நாடுகள் படித்தேன். குளிராக இருக்கிறது, அடுத்த பக்கம் போ என்றாள்.

ஜூன் 24, திங்கள்

கோயில் மணியடிக்கும் கிழவர் அந்திரேயா இறந்துவிட்டார். வயசானவர். காய்ச்சல்தான். அம்மா அடக்கத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அம்மாவின் கல்யாணத்துக்கும், எங்கள் இருவர் ஞானஸ்நானத்துக்கும் மணியடித்தவர் அவர். போய்வந்தாள். திரும்பியதும் கொல்லைப்புறத்திலேயே குளித்து, முழங்கை வரை காடியில் கழுவி, அதன் பிறகும் இன்று முழுக்க அக்கா அறைக்குப் போகவில்லை. அக்காவுக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோனேன்.

ஜூன் 25, செவ்வாய்

தலை கனமாக இருக்கிறது. ஓயாமல் படிப்பதால். பாட்டிலில் கற்பூரம் கூடிவிட்டது போலிருக்கிறது, தொண்டை கரகரக்கிறது. அம்மா நெற்றியில் கைவைத்து, சுடுகிறதே என்றாள். இப்போதுதான் அடுப்பறையிலிருந்து வந்தேன் என்றேன். அப்பாவுக்கு ரொட்டித் தட்டு எடுத்துக்கொடுக்க உண்மையாகவே போயிருந்தேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் என்றால் விக்தோரினுக்கு வந்தது மாதிரி இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், எழுதுகிறேன்.

ஜூன் 26, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. மத்தியானம் தூங்கிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

ஒரு கெட்ட செய்தி. காடியில் மணம் போய்விட்டது.

காலையில் கார்க்கைத் திறந்து மூக்கருகே வைத்தேன். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி. குலுக்கிப் பார்த்தேன், கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். பூண்டு இல்லை, கற்பூரம் இல்லை. நேற்று மழைச்சாரல் அடித்ததே, அதுவாக இருக்கலாம். அல்லது அடிக்கடி திறந்ததால் சத்து வெளியே போயிருக்கலாம். புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. விஞ்ஞானிகள் தோல்வியையும் குறித்துவைக்க வேண்டும் என்று மாசேர் சொல்வார். அதனால் நோட்டுக்கு ஒட்டும் சீட்டில் ‘மணம் இல்லை, ஜூன் 27’ என்று எழுதிப் பாட்டிலில் ஒட்டி, அடுப்பறை மாடத்தில் உள்ளே தள்ளி வைத்தேன்.

இன்று எல்லாமே ஒரு மாதிரிதான். ரொட்டியும் மணக்கவில்லை. கள்ளில் தண்ணீர் கலக்கிறார்கள் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றைப் பிய்த்துத் தின்று பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றார். மத்தியானம் மீன்குழம்பில் அம்மா புளியும் உப்பும் மறந்துவிட்டாள். பாவம், அக்காவைப் பற்றிய கவலை. அக்காவும் அதைச் சொல்லிக் காட்டாமல் விரலைக்கூட நக்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் 28, வெள்ளி

ஊறவைக்க நேரமில்லாததால், எல்லாவற்றையும் இரண்டு மடங்கு போட்டுக் காய்ச்சியே புதுக்காடி செய்தேன். இதிலும் மணம் இல்லை. ஆவி பட்டுக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் இந்த வீட்டைக் காத்தது அந்த மணம்தானே?

கை, கழுத்து, பாவாடை எல்லாம் நனையும்படி ஊற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன். வாசலிலேயே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏண்டி இவ்வளவு? மூச்சு முட்டுதுடி எனக்கு."

ஆச்சரியமாக இருந்தது. என் சமாதானத்துக்காக அக்கா அப்படிச் சொல்கிறாளோ என்று அம்மாவைக் கேட்டேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் மூக்கு கூர்மையாகிவிடும், அடுத்த தெருவில் தாளிப்பது கூடத் தெரியும் என்றாள்.

எப்படியோ, காடியை இனி நம்ப முடியாது. அதனால் காவலுக்கு நானே அக்கா அறையில் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானம் முழுவதும் அவள் பக்கத்தில் படுத்துப் பாலைவனங்களைப் படித்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே இருந்து ஒரு உதை. உன்னை எழுந்து போகச் சொல்கிறது என்றாள் அக்கா. நான் போகவில்லை. அவள் தலையணையிலேயே தூங்கிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

அக்கா தும்முகிறாள். காடி வாடைதான் காரணம் என்கிறாள்.

ஜூலை 1, திங்கள்

அக்காவுக்குக் காய்ச்சல்.

ஜூலை 3, புதன்

விக்தோரினுக்குப் போட்டது மாதிரியே துணி நனைத்து நெற்றியில் போட்டேன். அவளுக்கு மூன்றாம் நாள் இறங்கியது. இவளுக்கு ஏறுகிறது. மூச்சு விடும்போது, அப்பா கோணியை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா அக்காவின் சேலைகளை மூட்டை கட்டினாள். ரிக்‌ஷா வந்தது. ஏறும்போது அக்கா என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்காட்டினாள். என்னைச் சிரிக்கவைக்கத்தான்.

ஜூலை 4, வியாழன்

ஆஸ்பத்திரிக்குள் சிறுபிள்ளைகளை விடுவதில்லை. வாசலில் நின்று ஜன்னல்களைப் பார்த்தேன். எது அவளுடையது என்று தெரியவில்லை.

ஜூலை 6, சனி

பெண் குழந்தை. நாள் நிறையாமலே பிறந்துவிட்டது. அழுததாம். பெனுவா மாமா வந்துவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று ரொட்டி போடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பிரான்சின் தேசிய நாள் என்று பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் கடற்கரையில் வெடி வெடிக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை இரண்டு கையையும் விரித்துவிட்டு மூடுகிறது.

குழந்தையை நான்தான் வைத்திருக்கிறேன். பச்சையம்மா தன் குழந்தைக்குக் கொடுத்த பிறகு இதற்கும் பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மா தொடுவதில்லை. அறைக்குள்ளேயே வருவதில்லை. கதவருகில் நின்று, துணி மாற்று, தலையைப் பிடி என்று சொல்கிறாள். நேற்று என் கை வலித்ததால் கொஞ்சம் பிடி என்று நீட்டினேன். சுடுசட்டியைக் கண்ட மாதிரி பின்வாங்கிவிட்டாள்.

"எடுத்துட்டுப் போடி. சாவு வூட்டுக்குப் போனவ நான். இந்தக் கையிலதான் வந்துச்சு. அவளைத் தின்னது பத்தாதா?"

குளித்தாயே, காடியில் கழுவினாயே, அன்று அக்கா அறைக்குக்கூட வரவில்லையே என்றேன். கழுவினால் போய்விடுமா என்றாள். கோயிலுக்கும் போவதில்லை. காலையில் எழுந்து சாம்பலும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்க்கிறாள். தோல் உரிந்து சிவந்திருக்கிறது.

பெனுவா மாமா ஊருக்குத் திரும்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழந்தைக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டுமாம். அக்கா ஆஸ்பத்திரியில் சொன்னாளாம். என்னைக் காப்பாத்த அது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அது பேரையே வெச்சிடுங்க என்று.

நான் சரி என்றேன்.

ஜூலை 17, புதன்

இன்று ரொட்டி மணந்தது. அப்பா கள் கொண்டுவருகிற ஆளை மாற்றியிருப்பார். கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அக்காவின் அறையை அம்மா இரண்டு தடவை கழுவிவிட்டாள். ஆனாலும் காடி வாடை போகவில்லை. சுவரில் இருக்கிறது, கட்டில் காலில் இருக்கிறது. அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம், ஏண்டி இவ்வளவு என்று கேட்கிறது. யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதை இப்போது நிறுத்திவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் கேட்பதில்லை. அதனால் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டே போகிறேன்.

கனவில் நான்கு பேர் வருகிறார்கள். மூட்டையோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே யாரோ ஓடிவருகிற காலடி கேட்கிறது, சந்தோஷமாக ஓடிவருகிற காலடி. திறக்காதே என்று கத்த வாயைத் திறந்தால் வாயெல்லாம் புளிப்பு. விழித்துவிடுகிறேன்.

ஜூலை 29, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. குழந்தையைப் பச்சையம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். மாசேர் அலோயிஸ் மெலிந்திருந்தார். அக்காவுக்காக ஜெபித்ததாகச் சொன்னார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய சந்தேகத்தை மறுபடி கேட்டேன். அந்தத் திருடர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அது வெறும் கதை, ஆனாலும் ஒரு காய்ச்சல் எல்லாரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை என்றார். சிலரைப் படுக்கையில் தள்ளும். சிலர் வந்ததே தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களாலும் மற்றவர்களுக்குப் போகும். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னார்.

"என்னையே எடுத்துக்கோ. எனக்குச் சூடுகூடப் பெரிசா இல்ல. ஆனா ஒரு வாரம் மூக்குல ஒரு வாசனை ஏறல. காப்பி எது, வெந்நீர் எதுன்னு தெரியாம குடிச்சேன்."

மணியடித்தது. வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் மழை.

ஜூலை 30, செவ்வாய்

அடுப்பறைக்கு ரொட்டித் தட்டு எடுக்கப் போகச் சொன்னார் அப்பா. குழந்தை அழுகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாடத்தை யாரும் சுத்தம் செய்யவில்லை. எட்டிப் பார்த்தேன். பாட்டிலின் கழுத்து மட்டும் தெரிகிறது. சிலந்தி வலை கட்டியிருக்கிறது. கார்க்கு போட்டபடியே இருக்கிறது.

இரண்டு காரியங்களில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். ஒன்று, காடி கெட்டுப்போயிருக்க வேண்டும். கெட்டுப்போன காடி தானாகத் திரும்ப மணக்காது. அதனால் இப்போது திறந்தாலும் மணம் இருக்காது. இன்னொன்றை எழுத வேண்டிய அவசியமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மாவின் கையில் புண் சீழ்பிடித்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். குழந்தை இன்று அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. அவள் உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அம்மாவை இப்படியே விட்டால் அவளும் போய்விடுவாள் என்று அப்பா பச்சையம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்லத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். தெருவில் கொடியும் ஏற்றினார்கள், தேரும் வந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அடுப்பறைக்குப் போய், மற்றக் கையால் பாட்டிலை எடுத்தேன். வலையைத் துடைத்தேன். கார்க்கைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

முதலில் புளிப்பு. அதன் பின்னால் பூண்டு. அதற்கும் பின்னால் கற்பூரம். கடைசியில் மரிக்கொழுந்து.

குழந்தை மூக்கைச் சுளித்து முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டது. தலையணையில் அக்கா புதைத்துக்கொண்ட மாதிரியே.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. மறுபடியும் அந்தக் காடியைக் கையில் எடுத்தாயா, வாடை இங்கே வரை வருகிறது, கொண்டுபோய்க் கொட்டு என்றாள். நான் கொட்டவில்லை. அம்மாவின் அறைக்குப் போனேன். அவள் கட்டிலின் ஓரத்தில் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை அவள் முகத்தருகே நீட்டினேன்.

"எப்பப் போட்டதுடி இது?"

"சீட்டுல இருக்கும்மா. படி."

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உதடு அசைந்தது. மணம் இல்லை. ஜூன் இருபத்தேழு. பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"இல்லேன்னு எழுதியிருக்க. நல்லாத்தானே மணக்குது."

"அன்னிக்கும் மணந்திருக்கும்மா. எனக்குத்தான் தெரியல. ரொட்டியும் மணக்கல. அன்னிக்கு நீ குழம்புக்கு உப்பு போட்டுத்தான் இருப்ப."

அம்மாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, என் நெற்றி உயரத்துக்கு வந்து, தொடாமல் நின்றது. அது எந்த நாளை நினைத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். தெருவில் தேர் திரும்புகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் பாடிக்கொண்டு போனார்கள். எல்லாம் போய்த் தெரு அடங்கும் வரை அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் வேறு எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பிறகு அம்மா பாட்டிலைத் தரையில் வைத்தாள். புண்ணுக்குக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளைய இப்படிக் குடு."

கொடுத்தேன். குழந்தையின் தலை அவள் முழங்கை மடிப்பில் சரியாகப் பொருந்தியது. அம்மா குனிந்து அதன் உச்சியை மோந்தாள். மோந்துகொண்டே இருந்தாள். தோள் குலுங்கியது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

என் கைகள் கொஞ்ச நேரம் குழந்தையைப் பிடித்திருந்த மாதிரியே இருந்தன. பிறகு குனிந்து, கார்க்கைத் தேடி எடுத்து, பாட்டிலை மூடினேன்.